காதுக்கு அளவெடுத்த எழுத்து: ஸ்லாவிய மறைப்பணி பற்றிய நாட்குறிப்பு

பிப்ரவரி 10, திங்கள்

கிரேக்க எழுத்தை வைத்துக்கொண்டு ஸ்லாவிய மொழியில் ‘கடவுள்’ என்று எழுத முடியாது. அந்தச் சொல் ‘போக்’. முதல் ஒலி, ‘பயம்’ என்று சொல்லும்போது நம் வாயில் அதிர்ந்து வருகிற ப. கிரேக்கரின் பீட்டாவோ 9ஆம் நூற்றாண்டுக்குள் ‘வ’ ஆகிவிட்டது. எழுதினால் ‘வோக்’ என்றுதான் வாசிப்பார்கள். ‘தேவாலயம்’ என்ற சொல்லின் முதல் ஒலியான ‘த்ஸ’வுக்கும் கிரேக்கத்தில் தனி எழுத்து கிடையாது. ஹ்ராபர் என்ற துறவி எழுத்துகளைப் பற்றிய தம் சிறு நூலில் இதே சொற்களை எடுத்துக்காட்டித்தான் வாதிடுகிறார்.

ஸ்லாவியர் வாழ்ந்த மொராவியாவில் (இன்றைய செக், ஸ்லோவாக்கியப் பகுதி) ஞானஸ்நானம் ஏற்கெனவே நடந்துவிட்டிருந்தது. பவேரியாவிலிருந்து வந்த குருக்கள் லத்தீனில் பூசை வைத்தார்கள். சனங்களுக்குப் புரியவில்லை. 862 வாக்கில் இளவரசர் ரஸ்திஸ்லாவ் கான்ஸ்டாண்டினோபிளில் மூன்றாம் மைக்கேல் பேரரசரிடம் கேட்டது, தங்கள் மொழியில் விளக்கிச் சொல்ல ஓர் ஆசிரியரை. தெசலோனிக்கா சகோதரர்கள் கான்ஸ்டன்டைனும் (பின்னாளில் சிரில்) மெத்தோடியஸும் 863இல் புறப்பட்டபோது, ஸ்லாவிய மொழிக்கென்று கான்ஸ்டன்டைன் அமைத்த எழுத்து கையில் தயாராக இருந்தது. அதுதான் கிளகோலிதிக்.

பிப்ரவரி 12, புதன்

ஹ்ராபர் தரும் கணக்கு 38 எழுத்துகள்: 24 கிரேக்க முறையை ஒட்டியவை, 14 ஸ்லாவியப் பேச்சுக்கென்றே. ‘ஷ’வின் வடிவம் எபிரேயத்தின் ‘ஷின்’ எழுத்தைப் போலவே இருக்கிறது. மூக்கொலி உயிர்களுக்கும் தனி எழுத்து உண்டு.

எனக்கு மிகவும் பிடித்தவை ‘யெர்’ எனப்படும் இரண்டு குறு உயிர்கள். நம் குற்றியலுகரத்தை நினைத்துக்கொண்டால் போதும்: முழு மாத்திரை இல்லாத, ஆனால் இருக்கிற ஓர் உயிர். ஒன்று நாக்கின் முன்பக்கத்தில், மற்றது பின்பக்கத்தில் பிறக்கும். வெளியாள் இதைக் கேட்காமலே விட்டுவிடுவான். இரண்டையும் பிரித்துக் கேட்டு எழுத்துக் கொடுத்த காது சாதாரணக் காது அல்ல.

பின்னால் சிக்கலும் இங்கேதான் வந்தது. பேச்சில் யெர்கள் தேய்ந்து மறைந்தன. சில ‘எ’, ‘ஒ’ ஆயின. தங்கள் வாயில் இல்லாத ஒலியை எழுதவேண்டியிருந்த படியெடுப்போர் ஒன்றுக்கு மற்றதை மாற்றினார்கள், அல்லது விட்டுவிட்டார்கள். ஒரு சுவடியின் காலத்தைக் கணிக்க முதலில் பார்க்க வேண்டியது இந்தப் பிழைகளைத்தான். 10ஆம் நூற்றாண்டின் ‘கீவ் ஏடுகள்’ ஏழே இலைகள். அவற்றில் யெர்கள் ஏறக்குறைய பிசகின்றி நிற்கின்றன. உள்ளே இருப்பது ரோம் முறைத் திருப்பலி மன்றாட்டுகள் என்பது இன்னும் வியப்பு.

பிப்ரவரி 14, வெள்ளி

சிரில் ரோமில் இறந்த நாள் (869). ஸ்லாவிய வழிபாட்டுக்கு எதிர்ப்பு பெரியது: சிலுவையின் மேல் எழுதப்பட்டவை எபிரேயம், கிரேக்கம், லத்தீன், ஆகவே கடவுளைப் புகழ இந்த மூன்று மொழிகளே தகும் என்றார்கள். வெனிஸில் சிரில் திருப்பிக் கேட்டார்: மழை எல்லார்க்கும் பெய்யவில்லையா? 794இலேயே ஃபிராங்க்ஃபர்ட் சங்கம் மூன்று மொழிகளில்தான் கடவுளை மன்றாட முடியும் என்ற நம்பிக்கையை மறுத்திருந்தது. போப் இரண்டாம் ஏட்ரியன் ஸ்லாவிய நூல்களை ஏற்று, மரியன்னை ஆலயத்தில் வைத்தார்.

பிப்ரவரி 17, திங்கள்

மெத்தோடியஸைப் பவேரிய ஆயர்கள் 870இல் சிறைவைத்தார்கள். 873 வரை விடவில்லை. 880இல் போப் எட்டாம் ஜான் தந்த அனுமதியில் நிபந்தனை உண்டு: நற்செய்தியை முதலில் லத்தீனில் வாசித்து, அதன்பின் ஸ்லாவியத்தில். 885 ஏப்ரல் 6 அன்று மெத்தோடியஸ் இறந்தார். அதே ஆண்டு போப் ஐந்தாம் ஸ்டீபன் ஸ்லாவிய வழிபாட்டைத் தடுத்தார். சீடர்கள் விரட்டப்பட்டார்கள். சிலர் அடிமைகளாக விற்கப்பட்டார்கள். கிளெமென்ட், நாவும் இருவரும் டான்யூப் வழியாகப் பல்கேரியா சேர்ந்தார்கள். கிளெமென்ட் ஓரிட் பகுதியில் 3,500 மாணவர்களைப் பயிற்றுவித்ததாக அவர் வரலாறு சொல்கிறது. 988இல் கீவின் இளவரசர் விளாதிமிர் ஞானஸ்நானம் பெற்றபோது, புரிகிற மொழியில் நூல்கள் தயாராக இருந்ததற்கு இந்த அகதிகளே காரணம். மொராவியாவில் தோற்ற பணி வேறு மண்ணில் பலித்தது.

பிப்ரவரி 19, புதன்

எண்களைப் பற்றி ஒரு குறிப்பு. சுவடி படிப்பவர் தவறவிடக்கூடாதது. அன்று எழுத்துகளே எண்களாகவும் நின்றன. பல்கேரியாவில் கிரேக்க வடிவத்தை ஒட்டி உருவான சிரிலிக், கிரேக்கரின் எண்மதிப்புகளையே எடுத்துக்கொண்டது. கிளகோலிதிக்கோ தன் எழுத்து வரிசைப்படியே எண்ணும். எழுத்துகளின் பெயரோடு சொன்னால்: அஸ் 1, புகி 2, வேதி 3, கிளகோலி 4, தோப்ரோ 5. சிரிலிக்கில் புகிக்கு மதிப்பே இல்லை. ஆகவே வேதி 2, கிளகோலி 3, தோப்ரோ 4. சற்றுத் தள்ளி ‘ழிவேதே’ என்ற எழுத்துக்கும் (கிளகோலிதிக்கில் 7) மதிப்பு இல்லாததால் வித்தியாசம் இரண்டாகிவிடும்: த்ஸெலோ 8இலிருந்து 6, ஸெம்ல்யா 9இலிருந்து 7. படியெடுப்பவர் எழுத்தை மட்டும் மாற்றி மதிப்பை மாற்ற மறந்தால் எண் குறைந்துபோகும். அப்படிக் குறைந்த எண் ஒரு சிரிலிக் படியில் தென்பட்டால், அதன் மூலச்சுவடி கிளகோலிதிக்கில் இருந்திருக்க வாய்ப்பு மிக அதிகம்.

பிப்ரவரி 22, சனி

ரோமின் ஆளுகைக்குள் கிளகோலிதிக் நிலைத்த இடம் குரோவேஷியக் கரை. 1248இல் போப் நான்காம் இன்னசென்ட் அங்குள்ள சென்ய் நகரின் ஆயருக்கு அதைப் பயன்படுத்த அனுமதி தந்தார். அங்கிருந்த குருக்கள் இது விவிலியத்தை லத்தீனில் பெயர்த்த புனித ஜெரோமின் எழுத்து என்று நம்பினார்கள். ஜெரோம் இறந்ததோ சிரிலுக்கு நானூறு ஆண்டுகளுக்கு முன். தவறான பெயரின் நிழலில் சரியான எழுத்து பிழைத்தது. 1483இல் இதே நாளில் அதன் முதல் அச்சுத் திருப்பலி நூல் வெளிவந்தது, ஈய அச்சில், யெரும் கிளகோலியுமாக.