ஓட்டிப் பார்க்காமலே பிடிபட்ட பிழைகள்

கடலூர் முதுநகரில் மீன் வியாபாரம் செய்யும் ஒரு குடும்பத்தின் ஏலக் கணக்கைப் போடும் பைதான் நிரல் என் பொறுப்புக்கு வந்தது. துறைமுகத்திலிருந்து கணக்குப்பிள்ளை “வஞ்சிரம் 42 18500” என்று மீன், கிலோ, ரூபாயாக வரி வரியாக அனுப்புவார். நிரல் பிரித்துப் பட்டியல் போடும், ஏலம் சூடு பிடிக்கும் நேரமாகப் பார்த்து நின்றும் போகும். “தம்பி, மறுபடியும் படுத்துவிட்டது!” என்பார்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு 61 நாள் தடைக்காலம். நிரலைப் பிரித்து மேய அதைவிட நல்ல சமயம் கிடைக்காது.

முதலில் ரஃப், நிரலை ஓட்டாமலே படித்துப் பிழை தேடும் கருவி. பைதான் தொடங்கும்போது இலக்கணப் பிழையை மட்டுமே பார்க்கும். ஒரு பெயர் உண்மையில் இருக்கிறதா என்பதை அந்த வரியை எட்டிய பிறகுதான் தேடும். இணைப்பு அறுந்தால் மட்டுமே ஓடும் பகுதியில், எப்போதோ மாற்றப்பட்ட மாறி பழைய பெயரிலேயே கிடந்தது. ரஃப் நொடியில் காட்டிக்கொடுத்தது.

அடுத்து மைபை, மதிப்புகளின் வகை (எண்ணா, எழுத்தா) பொருந்துகிறதா என்று பார்க்கும் கருவி. “பிழை எதுவும் இல்லை” என்றது. நம்பவில்லை. எது எந்த வகை என்று எழுதிவைக்கும் வகைக் குறிப்பு இல்லாத ஃபங்ஷன்களின் உள்ளே அது இயல்பாக எட்டிப் பார்ப்பதில்லை. எங்கள் நிரலிலோ ஒன்றுக்கும் குறிப்பு கிடையாது. அவற்றையும் சோதிக்கும் விருப்பத்தை இயக்கியதும் கொட்டத் தொடங்கியது.

அதில்தான் அசல் குற்றவாளி இருந்தது. வரியைப் பிரிக்கும் ‘மேட்ச்’, வடிவம் பொருந்தாவிட்டால் ‘நன்’ என்ற வெற்று மதிப்பைத் தரும். நிரலோ அடுத்த வரியிலேயே, பொருந்திய பகுதியை எடுக்கும் ‘குரூப்’பை அதனிடம் கேட்டது. கணக்குப்பிள்ளை அவசரத்தில் “சங்கரா 2 கூடை” என்று அனுப்பினால் போதும், அங்கேயே விழும். ‘டைப் இக்னோர்’ போட்டு எச்சரிக்கையை அடக்கிவிடலாம் என்றார் உடன் வேலை செய்பவர். குப்பையைப் பாய்க்கு அடியில் தள்ளுவதற்கு எதற்குத் துடைப்பம்? ‘நன்’ வந்தால் அந்த வரி தனிப் பட்டியலுக்குப் போகும்படி மாற்றினேன். கணக்குப்பிள்ளை பார்த்துத் திருத்திக்கொள்வார்.

பிறகு முக்கியமான ஃபங்ஷன்களுக்கு மட்டும் வகைக் குறிப்பு எழுதினேன். 2015இல் பைதான் 3.5இலேயே இவற்றுக்கு ஒழுங்கான வடிவம் வந்துவிட்டது. ஆனால் ஓடும்போது பைதான் இவற்றைச் சட்டை செய்வதில்லை. சோதனைக் கருவிக்குத்தான் பயன். ஜேசான் என்ற எழுத்து வடிவில் இருந்து வரும் தரவு எந்த வகை என்று மைபைக்கும் தெரியாது, அங்கே அது வாயைத் திறப்பதில்லை. அதனால் உள்ளே வரும் இடத்திலேயே நானே சரிபார்த்து, தரவைத் தொகுத்து வைக்கும் ஒரு டேட்டாகிளாஸில் ஏற்ற வேண்டியிருந்தது.

இவ்வளவுக்குப் பிறகும் நிரல் ஒருநாள் விழுந்தது. தடைக்காலத்தில் நாட்டுப்படகு மீன்கூட வராத நாள். மொத்த எடை பூஜ்யம், சராசரி விலைக்கு அதால் வகுத்தது. எண்ணை எண்ணால் வகுப்பதில் மைபைக்கு ஆட்சேபம் எதுவும் இல்லை. வெறும் பட்டியலைக் கொடுத்துப் பார்க்கும் சின்ன டெஸ்ட் ஒன்றை எழுதி, ரஃப், மைபையோடு அதுவும் ஒவ்வொரு கமிட்டுக்கு (மாற்றத்தைப் பதிவு செய்வதற்கு) முன்பும் ஓடும்படி வைத்திருக்கிறேன்.