விர்ச்சுவல் லிங்க்: 300-410 தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு

சிஸ்கோ நிறுவனத்தின் 300-410 என்ற நெட்வொர்க் ரூட்டிங் தேர்வுக்குப் படிப்பவர்களில் பலர், விர்ச்சுவல் லிங்க் என்றால் ஒரு வரிக் கட்டளை என்று மனப்பாடம் செய்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறார்கள். பழுதைக் கண்டுபிடிக்கத் தெரிகிறதா என்று பார்க்கும் தேர்வுக்கு அது போதாது.

ரூட்டர்கள் பாதைகளைப் பரிமாறிக்கொள்ளும் நெறிமுறையான ஓஎஸ்பிஎஃப்பில், நெட்வொர்க்கை ஏரியாக்கள் எனும் பகுதிகளாகப் பிரிக்கலாம். ஒவ்வொரு ஏரியாவும் முதுகெலும்பான ஏரியா 0-ஐத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். தொட வழியில்லாத ஏரியாவைச் சேர்க்கவும், இரண்டாக அறுந்துபோன ஏரியா 0-ஐ ஒட்டவும் விர்ச்சுவல் லிங்க் உதவுகிறது. புத்தகத்தில் இதைப் படித்தபோது எனக்குப் பாதிதான் விளங்கியது. கணினியிலேயே நெட்வொர்க்கை அமைத்துப் பார்க்க உதவும் ஜிஎன்எஸ்3-இல் ஐந்து ரூட்டர்களை வரிசையாக இணைத்துப் பார்த்த பிறகுதான் மீதி விளங்கியது. நீங்களும் அப்படியே செய்யுங்கள். ஆர்1, ஆர்2 இடையே ஏரியா 0. ஆர்2, ஆர்3, ஆர்4 வரை ஏரியா 1. ஆர்4, ஆர்5 இடையே ஏரியா 2.

முதலில் ஆர்5-இன் ரூட்டிங் டேபிளைப் பாருங்கள். ஓஎஸ்பிஎஃப் வழியாக வந்த பாதை ஒன்றுகூட இருக்காது. பிறகு ஆர்2-இல் ‘ஏரியா 1 விர்ச்சுவல்-லிங்க் 4.4.4.4’ என்றும், ஆர்4-இல் அதையே 2.2.2.2 என்றும் கொடுங்கள். சற்று நேரத்தில் பாதைகள் வந்து நிரம்பும். கட்டளையில் வரும் எண் எதிர்முனையின் ரூட்டர் ஐடி, அதாவது ஓஎஸ்பிஎஃப்பில் அந்த ரூட்டரின் அடையாள எண். இன்டர்ஃபேஸ் முகவரி அல்ல. கடக்கும் ஏரியாவின் எண்ணைத்தான் தர வேண்டும், சேர்க்கப்படும் ஏரியாவின் எண்ணை அல்ல. ரூட்டர் ஐடியைக் கையாலேயே அமைத்துவிடுங்கள். இல்லாவிட்டால், பெரிய முகவரியுடன் புதிய லூப்பேக் (ரூட்டருக்குள்ளேயே அமைக்கும் கற்பனை இன்டர்ஃபேஸ்) ஒன்றைச் சேர்த்து ரூட்டரை மறுபடி தொடங்கியதும் ஐடி மாறி, இணைப்பு விழுந்துவிடும்.

இப்போது நடுவில் இருக்கும் ஆர்3-ஐக் கவனியுங்கள். அதில் விர்ச்சுவல் லிங்க்குக்காக நாம் எதையுமே அமைக்கவில்லை. ஆனால் ஆர்1-க்கும் ஆர்5-க்கும் இடையிலான தரவு முழுவதும் அதன் வழியாகத்தான் போகிறது. விர்ச்சுவல் லிங்க் சுரங்கப்பாதை (டனல்) அல்ல. பாக்கெட்டுகளை மூடி எடுத்துச் செல்வதில்லை. ஆகவே ஆர்3 தன் டேபிளைப் பார்த்தே அவற்றை அனுப்ப வேண்டும். ஏரியா 1-ஐ ஸ்டப் (ஓஎஸ்பிஎஃப்புக்கு வெளியிலிருந்து வரும் பாதைகளை ஏற்காத ஏரியா) ஆக்கினால் அந்த வெளிப்பாதைகள் ஆர்3-க்குத் தெரியாமல் போய்விடும். ஸ்டப் ஏரியா வழியாக விர்ச்சுவல் லிங்க் அமைக்கக் கூடாது என்ற விதியின் காரணம் இதுதான். அப்படியொரு கட்டாயம் வந்தால் பாக்கெட்டுகளை மூடி எடுத்துச் செல்லும் ஜிஆர்இ டனல் போட்டு அதை ஏரியா 0-இல் வைக்கலாம்.

விர்ச்சுவல் லிங்க் ஏரியா 0-ஐச் சேர்ந்தது. ஆர்4-இல் ஏரியா 0-க்கான இன்டர்ஃபேஸே இல்லை என்றாலும் அதுவும் இப்போது ஏரியா 0-இன் உறுப்பினர். ஆர்2-இல் ஏரியா 0 முழுமைக்கும் அங்கீகாரம் (கடவுச்சொல் சரிபார்ப்பு) இயக்கியிருந்தால் ஆர்4-இலும் இயக்க வேண்டும். பழுது தேடுகிறவர்களை அதிகம் அலைக்கழிப்பது இந்த இடம்தான். ‘ஷோ ஐபி ஓஎஸ்பிஎஃப் விர்ச்சுவல்-லிங்க்ஸ்’ கொடுத்தால் முதல் வரியில் ‘அப்’ என்றே காட்டும். எதிர்முனைக்குப் பாதை இருக்கிறது என்பது மட்டுமே அதன் பொருள். கீழே இறங்கி, அட்ஜசன்ஸி (இரு முனைகளும் ஓஎஸ்பிஎஃப்பில் இணைந்திருக்கும் உறவு) நிலை ‘ஃபுல்’ என்று இருக்கிறதா என்று பாருங்கள்.

அந்த வரியில் ‘ஹலோ சப்ரெஸ்டு’ என்பதும் இருக்கும். இணைப்பு அமைந்த பிறகு இரு முனைகளும் ஒன்றையொன்று உறுதிசெய்ய அனுப்பும் ஹலோ பாக்கெட்டுகள் நின்றுவிடுவதால், ஒரு முனையில் கடவுச்சொல்லை மாற்றினாலும் இணைப்பு உடனே அறுவதில்லை. ‘கிளியர் ஐபி ஓஎஸ்பிஎஃப் பிராசஸ்’ கொடுத்த பிறகே பழுது வெளியே வரும். ஆய்வகத்தில் அங்கீகாரத்தைச் சோதிக்கும்போதெல்லாம் இந்தக் கட்டளையைக் கொடுத்துவிட்டே முடிவைப் பாருங்கள்.