சமதளம் தேடிய வீடு

கோத்தகிரியில் வசிக்கும் என் பெரியப்பா, வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு, படுக்கையும் அடுப்பும் கழிப்பறையும் உள்ள கேரவன் ஒன்றை வாங்கினார். டிராவலர் வேன் ஒன்றை அவ்வாறு மாற்றியமைத்துச் சில காலம் ஓட்டிய கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் அதை விற்பனைக்கு வைத்திருந்தார். பெரியம்மா மெத்தையை அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தபோது, பெரியப்பா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஆர்.சி.யைப் படித்துக்கொண்டிருந்தார். உற்பத்தியாளர் கொடுத்த அமைப்பை அனுமதியின்றி மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு சொல்வதால், இருக்கைகளைக் கழற்றிக் கட்டில் போட்ட செய்தி அதில் ஏறியிருக்கிறதா என்பதே அவருடைய முதல் கவலை. ஏறியிருந்தது, பணம் கைமாறியது.

மேட்டுப்பாளையம் தாண்டி மலையேறியபோது குஞ்சப்பனை சோதனைச்சாவடியில் இ-பாஸ் கேட்டார்கள். 2024 மே மாதம் முதல், உயர் நீதிமன்ற உத்தரவின்படி, வெளியூர் வண்டிகள் நீலகிரிக்குள் வர அது வேண்டும். டிஎன் 43 என்ற உள்ளூர்ப் பதிவெண்ணுக்கு விலக்கு உண்டு, எங்கள் வண்டியிலோ கோவைப் பதிவெண். எங்கே தங்கப் போகிறீர்கள் என்று கேட்டவரிடம் பெரியப்பா பெருமிதத்தோடு “வீட்டில்தான்” என்றார். அவர் வண்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, “எந்த வீட்டுல சார்?” என்று மிகுந்த மரியாதையுடன் கேட்டார்.

உண்மையான தொல்லை அதற்குப் பிறகுதான் தொடங்கியது. கேரவனில் உறங்க வேண்டுமானால் வண்டி மட்டமாக நிற்க வேண்டும். நீலகிரியில் இல்லாத பொருள் அது ஒன்றுதான். சரிவில் நிறுத்தினால் தலைப்பக்கம் தாழ்ந்து இரத்தமெல்லாம் நெற்றிக்கு ஏறுகிறது, தொட்டியில் கழுவிய நீர் வடியாமல் மூலையில் தேங்குகிறது, அலமாரிக் கதவுகள் நள்ளிரவில் தாமாகவே திறந்துகொள்கின்றன. கல்லில் ஊற்றிய தோசை மாவு பள்ளத்துப் பக்கம் ஓடி இலங்கை வரைபடத்தைப் போல வெந்தது. கொத்தனாரிடமிருந்து, குமிழியைக் கொண்டு மட்டம் பார்க்கும் ரசமட்டம் ஒன்றை இரவல் வாங்கிய பெரியப்பா, அதைச் சமையல் மேடையின் மேல் வைத்து, தாழ்ந்த பக்கத்துச் சக்கரங்களைப் பலகைகளின் மேல் ஏற்றி இறக்கி, குமிழி நடுவில் வந்து நிற்கும் வரை எங்கள் எவரையும் உட்கார விடமாட்டார்.

மசினகுடிப் பக்கம் சமதளம் உண்டு, ஆனால் அங்கே யானைகளும் உண்டு. முதுமலைப் புலிகள் காப்பகத்துச் சாலையில் பகலிலேயே வண்டியை நிறுத்திவிட்டு இறங்கக் கூடாது எனும்போது, இரவு தங்குவது பேச்சுக்கே இடமில்லாதது. மற்றபடி இம்மலையில் மட்டமாக இருக்கும் ஒவ்வொரு சதுர அடியும் ஒரு தேயிலைத் தோட்டத்துக்கோ கோயிலுக்கோ பேருந்து நிலையத்துக்கோ சொந்தம். (கழிப்பறையைப் பற்றியும் ஒரு சொல் சொல்லியாக வேண்டும்: அடுப்புக்கு மூன்றடியில் இருக்கும் அதை எவரும் பயன்படுத்தக் கூடாது என்று பெரியம்மா முதல் நாளே தீர்ப்பளித்துவிட்டதால், அங்கே இப்போது உருளைக்கிழங்கு மூட்டை இருக்கிறது.)

கடைசியில், பெரியப்பாவுக்குத் தெரிந்த ஒருவர் மூலம், ஹட்டி எனப்படும் படகர் கிராமம் ஒன்றின் ஓரத்தில், கொழுந்து எடை போடும் கொட்டகைக்கு முன்னால் இருந்த களம் ஓர் இரவுக்குக் கிடைத்தது. பலகையே தேவைப்படாமல் குமிழி நடுவில் நின்றபோது பெரியப்பா கண் கலங்கினார் என்றே நினைக்கிறேன். குளிருக்கு அஞ்சி ஜன்னல்களை இறுக மூடியதால், நாங்கள் விட்ட மூச்சே கண்ணாடியில் நீராகப் படிந்து விடியற்காலையில் எங்கள் மேல் சொட்டியது. அதைத் துடைத்துக்கொண்டிருந்தபோது கதவு தட்டப்பட்டது.

வெள்ளைத் துணி போர்த்திய பாட்டி ஒருவர் படியில் ஏறி, பெரியம்மாவின் எதிரில் அமர்ந்து, கையை நீட்டினார். “பிரஷர் பாரும்மா.” வெள்ளை வேன், பக்கவாட்டில் படி, உள்ளே கட்டில் ஆகியவற்றைப் பார்த்து, வீடு தேடி வரும் அரசு மருத்துவ வண்டி என்று அவர் முடிவு செய்திருந்தார். அவருக்குப் பின்னால் வரிசையும் சேர்ந்திருந்தது. பெரியம்மாவுக்கே இரத்தக்கொதிப்பு இருப்பதால் கருவி எப்போதும் கைப்பையில் இருக்கும். தாம் மருத்துவர் அல்லர் என்று இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். எவரும் நம்பாததால் கருவியை எடுத்துவிட்டார். ஒவ்வொருவருக்கும் பார்த்து, எண்ணைத் துண்டுத்தாளில் எழுதிக் கொடுத்து, இதை ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள் என்று அனுப்பியதோடு, தாம் ஒருநாளும் கடைப்பிடிக்காத உப்புக் கட்டுப்பாட்டை மிகக் கண்டிப்பாக வலியுறுத்தினார். குரங்குக்குல்லாவும் லுங்கியுமாக வரிசையை ஒழுங்குபடுத்திய பெரியப்பாவிடம், கம்பவுண்டர் இன்னும் பல் துலக்கவில்லையா என்று ஒரு பாட்டி கேட்டார்.

புறப்படும்போது, மறுபடியும் இங்கே வந்து தங்கலாமா என்று ஊர்ப் பெரியவரிடம் பெரியப்பா தயங்கித் தயங்கிக் கேட்டார்.

“டாக்டரம்மா வந்தா எப்ப வேணும்னாலும் வாங்க. கம்பவுண்டர் மட்டும் தனியா வந்தா, இடம் இல்லை.”