லக்சம்பர்க் வருகிறவர்கள் எந்த மொழியைப் படிப்பது?

லக்சம்பர்க்கில் வேலை கிடைத்திருக்கிறது என்று எழுதுகிற எல்லாரும் முதலில் கேட்பது சம்பளம், வாடகை, வரி. அதெல்லாம் கேட்க வேண்டியதுதான். ஆனால் வந்து இறங்கிய கொஞ்ச நாளிலேயே வேறொரு கேள்வி வந்து நிற்கும். இங்கே நாம் எந்த மொழியைப் படிப்பது, பிரெஞ்சா, ஜெர்மனா, லக்சம்பர்கிஷா? ஆங்கிலம் போதும் என்று சொல்லித்தான் நம்மை வேலைக்கு எடுக்கிறார்கள், வங்கி, ஃபண்ட், ஐடி அலுவலகங்களுக்குள் அது உண்மையும்கூட. அலுவலகத்தை விட்டு வெளியே வந்தால்தான் நாடு தொடங்குகிறது. குழந்தையோடு வருகிறவர்களை நினைத்துத்தான் முக்கியமாக இதை எழுதுகிறேன்.

பெல்ஜியம், பிரான்ஸ், ஜெர்மனி மூன்றுக்கும் நடுவில் இருக்கிற நாடு, மொத்தமே 2,586 சதுர கிலோமீட்டர். தெற்கு எல்லையில் காரை எடுத்தால் ஒன்றரை மணி நேரத்துக்குள் வடக்கு எல்லைக்குப் போய்விடலாம். மக்கள்தொகை ஏழு லட்சத்தைக்கூட எட்டவில்லை, அதிலும் பாதிக்குக் கொஞ்சம் குறைவானவர்கள் வெளிநாட்டவர்கள், அவர்களில் போர்த்துகீசியர்கள்தான் அதிகம். இது போக, மூன்று எல்லைகளையும் தாண்டி இரண்டு லட்சம் பேருக்கு மேல் தினமும் காலையில் வேலைக்கு வந்து மாலையில் திரும்பிப் போகிறார்கள். பேக்கரியில் ரொட்டி எடுத்துக் கொடுக்கிற பெண், பெரும்பாலும் பிரான்சிலிருந்து காலை ரயில் பிடித்து வந்தவராக இருப்பார், அவரிடம் பிரெஞ்சு தவிர வேறு எதில் பேசினாலும் வேலைக்கு ஆகாது. கடைகளும் உணவகங்களும் பிரெஞ்சில் நடக்கின்றன என்றால் அதற்குப் பாதிக் காரணம் இதுதான். கிழக்கே மோசெல் ஆற்றுப் பக்கம் போனால் அதே மாதிரிக் கடையில் ஜெர்மன் கேட்கும்.

சட்டப்படி பார்த்தால் 1984ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று எல்லாவற்றையும் பிரித்து வைத்திருக்கிறது. தேசிய மொழி லக்சம்பர்கிஷ். சட்டங்கள் எழுதப்படுவது பிரெஞ்சில். அரசு நிர்வாகத்துக்கும் நீதிமன்றத்துக்கும் மூன்று மொழிகளையும் பயன்படுத்தலாம், இந்த மூன்றில் எதில் மனு கொடுக்கிறோமோ முடிந்தவரை அதிலேயே பதில் தர வேண்டும். நடைமுறையிலும் இதே கலவைதான். நாடாளுமன்றத்தில் லக்சம்பர்கிஷில் வாதம் செய்துவிட்டு அதே சட்டத்தைப் பிரெஞ்சில் நிறைவேற்றுகிறார்கள், மறுநாள் அந்தச் செய்தியை உள்ளூர்க்காரர் பலரும் ஜெர்மனில் படிக்கிறார்கள்.

இதைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் கம்யூன் (உள்ளூராட்சி) அலுவலகத்துக்குப் போக வேண்டும். வந்த மூன்று நாளுக்குள் அங்கே பதிவு செய்தாக வேண்டும், அப்புறம் மருத்துவப் பரிசோதனை, காசநோய்ப் பரிசோதனை, அதன் பிறகுதான் வசிப்பு அனுமதி அட்டை. எங்கள் ஊர் தெற்கே எஷ். இங்கே கம்யூன் கவுண்டரில் வரிசையில் நின்றபோது, உள்ளே இருந்த பெண் எங்களுக்கு முன்னால் இருந்த பெரியவரிடம் லக்சம்பர்கிஷில் பேசினார், அடுத்து வந்த குடும்பத்திடம் போர்த்துகீசியத்துக்கு மாறினார், எங்களிடம் பிரெஞ்சில் தொடங்கி நாங்கள் விழிப்பதைப் பார்த்ததும் ஆங்கிலத்துக்கு வந்தார். எங்கள் திருமணச் சான்றிதழைப் பற்றிச் சந்தேகம் வந்து பின்னாலிருந்த சக ஊழியரைத் திரும்பிக் கேட்டது லக்சம்பர்கிஷில், கடைசியில் அச்சடித்துக் கொடுத்த தாள் பிரெஞ்சில். அவர் முகத்தில் ஒரு சலிப்பும் இல்லை. இந்த ஊரில் வளர்ந்தவர்களுக்கு இது மூச்சு விடுவது மாதிரி. ஒரு முக்கியமான விஷயம்: பிறப்பு, திருமணச் சான்றிதழ்களை ஊரிலேயே அபோஸ்தில் முத்திரை (வெளிநாட்டில் செல்லுபடியாவதற்கான அத்தாட்சி) வாங்கி எடுத்து வாருங்கள். தமிழில் மட்டும் இருக்கிற சான்றிதழ் இங்கே செல்லாது, அதிகாரப்பூர்வ மொழிபெயர்ப்பு கேட்பார்கள்.

வீடு பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், வாடகை கடுமைதான், அதில் மறைக்க ஒன்றும் இல்லை. 2024 ஆகஸ்ட் முதல் புதிய சட்டம் இருக்கிறது என்பதை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். முன்பணம் இரண்டு மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது, ஏஜென்ட் கட்டணத்தில் பாதியை வீட்டுக்காரர் கட்ட வேண்டும். ஒப்பந்தம் பிரெஞ்சில்தான் வரும், படிக்கத் தெரிந்த யாரிடமாவது காட்டாமல் கையெழுத்துப் போடாதீர்கள். பேருந்து, டிராம், இரண்டாம் வகுப்பு ரயில் எல்லாமே 2020 பிப்ரவரி கடைசியிலிருந்து நாடு முழுக்க இலவசம், ஊருக்குப் புதிதாக வந்தவரும் அப்படியே ஏறி உட்காரலாம். எல்லை தாண்டுகிற பயணத்துக்குத்தான் டிக்கெட். அதனால் தலைநகரில்தான் வீடு வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கத் தேவையில்லை, எஷ், டிஃபர்டாஞ் பக்கம் பார்த்தால் வாடகை சற்றுக் குறைவு, ரயிலும் அடிக்கடி இருக்கிறது.

எஷ் இருக்கிற இந்தத் தெற்குப் பகுதியே செம்மண் பூமி, மண்ணில் இரும்பு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து இத்தாலியர்களும், 1960களிலிருந்து போர்த்துகீசியர்களும் வேலை தேடி இந்த நாட்டுக்கு வந்தார்கள், சுரங்கமும் எஃகு ஆலையும் கட்டட வேலையும் அவர்கள் உழைப்பில் வளர்ந்தவை. எஷ் நகரின் பெல்வால் பகுதியில் கடைசி ஊதுலை 1997இல் அணைந்தது. இப்போது அந்த உலைகளின் காலடியில்தான் லக்சம்பர்க் பல்கலைக்கழகம் இருக்கிறது. பழைய எஃகு நிறுவனம் கைமாறிக் கைமாறி 2006இல் லட்சுமி மிட்டலிடம் வந்தது நம்மில் பலருக்குத் தெரியும். நமக்கு முன்னால் இத்தனை பேர் வந்து வேர் பிடித்த இடம் என்பதால்தான் எனக்கு இந்த ஊரைப் பிடிக்கும்.

சரி, பள்ளிக்கு வருகிறேன். பள்ளியில் சேர்த்த பிறகுதான் இந்த நாட்டின் மொழிகள் நம் வீட்டுக்குள்ளேயே நுழைகின்றன. நான்கு வயதிலிருந்து கட்டாயப் பள்ளி. முதல் இரண்டு ஆண்டு விளையாட்டும் பாட்டும் கதையும், பெரும்பாலும் லக்சம்பர்கிஷில், கூடவே கொஞ்சம் பிரெஞ்சு. எங்கள் மகள் சில மாதம் வாயே திறக்கவில்லை, அப்புறம் ஒரு நாள் பொம்மைகளை வரிசையாக உட்கார வைத்து ஆசிரியை மாதிரியே லக்சம்பர்கிஷில் அதட்டிக்கொண்டிருந்தாள். ஆறு வயதில் எழுத்து தொடங்குகிறது, ஆனால் லக்சம்பர்கிஷில் இல்லை, ஜெர்மனில். கணக்கும் ஜெர்மனில்தான். பிரெஞ்சு முதலில் பேச்சாகவும் அப்புறம் எழுத்தாகவும் சேர்கிறது. பிறகு உயர்நிலைப் பள்ளிக்குப் போனதும் கணக்குப் பாடம் பிரெஞ்சுக்கு மாறிவிடுகிறது! ஆறாண்டு ஜெர்மனில் பின்னமும் தசமமும் படித்த பிள்ளை, அதே பின்னத்தைப் புதிய சொற்களில் மறுபடி கற்க வேண்டும்.

வீட்டில் லக்சம்பர்கிஷ் பேசுகிற பிள்ளைக்கு ஜெர்மன் எழுத்து பெரிய பாரம் இல்லை, இரண்டும் நெருங்கிய உறவு. போர்த்துகீசியப் பிள்ளைக்கும் நம் பிள்ளைக்கும் அப்படி இல்லை. அவர்கள் லக்சம்பர்கிஷையே இரண்டு ஆண்டு முன்புதான் கேட்கத் தொடங்கியிருப்பார்கள், அது பிடிபடுவதற்குள் ஜெர்மன். இதில் பின்தங்குகிற பிள்ளைகள் பெரும்பாலும் வெளிநாட்டுத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள்தான் என்பது இங்கே பல காலமாக நடக்கிற விவாதம், எனக்கும் இந்தக் கவலை உண்டு. அதனால்தான் 2022இல் சில பள்ளிகளில் பிரெஞ்சில் எழுத்து கற்பிக்கிற முறையைச் சோதித்துப் பார்த்தார்கள், அதை நாடு முழுக்கக் கொண்டுபோவதென்று முடிவாகியிருக்கிறது. பெற்றோர் ஜெர்மனா பிரெஞ்சா என்று தேர்வு செய்யலாம். மிகவும் தேவையான மாற்றம்.

இன்னொரு வழியும் இருக்கிறது. டிஃபர்டாஞ்சில் 2016இல் தொடங்கி, அப்புறம் வேறு ஊர்களிலும் வந்த அரசு சர்வதேசப் பள்ளிகளில் ஆங்கிலப் பிரிவு உண்டு, கட்டணம் இல்லை, ஆனால் இடம் கிடைப்பது சிரமம். நம்மவர்கள் பெரும்பாலும் அதைத்தான் தேடுகிறார்கள். என்னைக் கேட்டால், இரண்டு மூன்று ஆண்டில் திரும்பிவிடுவோம் என்று தெளிவாகத் தெரிந்தவர்களும், பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளையோடு வருகிறவர்களும் அங்கே சேருங்கள். பிள்ளைக்கு ஐந்து வயதுக்குள், இங்கேயே இருக்கப்போகிறோம் என்றால் தெருவில் இருக்கிற உள்ளூர்ப் பள்ளியே நல்லது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் அதே வகுப்பில் இருப்பார்கள், பூங்காவில் பார்க்கிற முகமும் பிறந்தநாளுக்கு அழைக்கிற முகமும் ஒன்றாக இருக்கும். தயவுசெய்து வீட்டில் உடைந்த ஜெர்மனோ பிரெஞ்சோ பேச முயலாதீர்கள். எங்கள் மகளின் ஆசிரியையே சொன்னது, வீட்டில் உங்கள் மொழியை நன்றாகப் பேசுங்கள், மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று. நாங்கள் தமிழ் மட்டும்தான் பேசுகிறோம். ஆசிரியரோடு பேச மொழி தடையாக இருந்தால் மொழிபெயர்த்து உதவ ஆள் வேண்டும் என்று பள்ளியிலேயே கேட்கலாம், காசு வாங்க மாட்டார்கள்.

தமிழுக்கு என்ன செய்வது என்று கேட்பீர்கள். லக்சம்பர்க்கில் தமிழர் எண்ணிக்கை சிறியது, பொங்கலுக்கும் தீபாவளிக்கும் கூடுகிறோம். பெரிய துணை பாரிஸ். அதிவேக ரயிலில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல், இறங்குவது கார் தெ லெஸ்ட் நிலையத்தில், அங்கிருந்து நடந்தே லா ஷப்பல் போய்விடலாம். ஈழத்தமிழர்கள் கட்டி எழுப்பிய அந்தத் தெருவில் முருங்கைக்காயும் குத்தரிசியும் தமிழ்ப் பலகைகளும் பார்க்கும்போது மகள் சத்தமாக எழுத்துக் கூட்டிப் படிக்கிறாள். ஆகஸ்ட் கடைசியில் பாரிஸ் மாணிக்க விநாயகர் கோவில் தேருக்குப் போகிற குடும்பங்கள் இங்கேயும் உண்டு.

இனி பெரியவர்கள். முதலில் பிரெஞ்சு, இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. டாக்டர், மருந்துக்கடை, மின்சாரக் கட்டணம், காப்பீட்டுக் கடிதம் என்று நாளின் பெரும்பகுதி அதில்தான் ஓடுகிறது. டாக்டரிடம் பெரும்பாலும் நாமே பணம் கட்டிவிட்டு, ரசீதைத் தேசிய சுகாதார நிதியத்துக்கு அனுப்பித் திரும்பப் பெறுகிறோம், அந்தக் கடிதப் போக்குவரத்தே பாதிப் பிரெஞ்சைக் கற்றுக் கொடுத்துவிடும். ஜெர்மனைப் பிள்ளையின் வீட்டுப்பாடம் கொண்டுவரும், கூடவே உட்கார்ந்தால் போதும்.

லக்சம்பர்கிஷ் எதற்கு, அவர்களுக்கே எல்லா மொழியும் தெரியுமே என்று பலர் சொல்வார்கள். எஷ் நகரில் தேசிய எதிர்ப்பியக்க அருங்காட்சியகம் இருக்கிறது, ஒரு தடவை போய்ப் பாருங்கள். 1940இல் நாஜி ஜெர்மனி இந்த நாட்டைப் பிடித்தது, பிரெஞ்சைத் தடை செய்தது, நீங்களும் ஜெர்மானியர்கள்தான், உங்கள் பேச்சு ஒரு வட்டார வழக்குதான் என்றது. 1941 அக்டோபரில் கணக்கெடுப்புப் படிவம் ஒன்று வந்தது. குடியுரிமை என்ன, தாய்மொழி என்ன, இனம் என்ன என்ற மூன்று கேள்விக்கும் ஜெர்மன் என்று எழுதுவார்கள் என்பது அவர்கள் கணக்கு. லக்சம்பர்கிஷ் தனி மொழியாகவே ஏற்கப்படாது என்று முன்கூட்டியே எச்சரித்தும் இருந்தார்கள். எதிர்ப்புக் குழுக்கள் இரவோடிரவாகத் துண்டறிக்கை விநியோகித்தன, மூன்றிலும் லக்சம்பர்கிஷ் என்றே எழுதுங்கள் என்று. முன்னோட்டமாகப் பார்த்த படிவங்களில் பெரும்பான்மை அப்படியே வந்ததும் கணக்கெடுப்பையே நிறுத்த வேண்டியதாயிற்று. அடுத்த ஆண்டு கட்டாய ராணுவச் சேவை அறிவிக்கப்பட்டபோது வேலைநிறுத்தம் வெடித்தது, 21 பேருக்கு மரண தண்டனை நிறைவேற்றினார்கள். தாய்மொழியின் பெயரை ஒரு படிவத்தில் எழுதவே துணிச்சல் தேவைப்பட்ட நாடு இது. எங்கள் மாடியில் இருக்கிற பாட்டியிடம் "மொயென்" (வணக்கம்) என்று சொல்லி, அடுத்து இரண்டு வாக்கியம் லக்சம்பர்கிஷில் தொடர்ந்தால் அவர் நின்று பேசுகிறார். பிரெஞ்சில் பேசினால் பதில் மரியாதையாக வரும், அதோடு முடிந்துவிடும்.

படிக்க வசதி நிறைய. தேசிய மொழி நிறுவனம் தலைநகரிலும் பெல்வாலிலும் மெர்ஷிலும் வகுப்பு நடத்துகிறது, கம்யூன்களிலும் மாலை வகுப்பு உண்டு, இடம் சீக்கிரம் நிரம்பிவிடும். ஒரே நிறுவனத்தில் ஆறு மாதம் வேலை செய்தவர்கள், லக்சம்பர்கிஷ் படிக்க மொத்தம் 200 மணி நேரம் வரை விடுப்புக் கேட்கலாம், அதற்கான செலவில் ஒரு பங்கை அரசு ஏற்கிறது. குடியுரிமைக்கு ஐந்தாண்டு வசித்திருக்க வேண்டும், மொழித் தேர்வில் பேசுவதும் கேட்டுப் புரிந்துகொள்வதும் மட்டும்தான், எழுத்து இல்லை. இந்தியா இரட்டைக் குடியுரிமை தருவதில்லை என்பதால் அது ஒவ்வொரு வீட்டிலும் நிதானமாகப் பேசி முடிவெடுக்க வேண்டிய விஷயம், எங்கள் வீட்டில் இன்னும் பேச்சு முடியவில்லை.

குடியுரிமை இல்லாமலே கம்யூன் தேர்தலில் வாக்களிக்கலாம் என்பது புதிதாக வருகிறவர்களில் பலருக்குத் தெரியாது. எந்த நாட்டவரானாலும் சரி, முன்பிருந்த ஐந்தாண்டு நிபந்தனையும் 2023 தேர்தலுக்கு முன்னால் எடுக்கப்பட்டுவிட்டது. அடுத்த தேர்தல் 2029இல். கம்யூனில் அடையாள அட்டையோடு போய்ப் பெயரைப் பதிவு செய்தால் போதும். பதிவு செய்த பிறகு வாக்களிப்பது கட்டாயம், அதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.