அத்திவாரத்துக்கு முன் இரண்டு குழி

திருகோணமலைக் கோட்டை வாசலிலிருந்து நடந்தே போய்விடலாம், எங்கள் காணி அவ்வளவு கிட்ட. 12 பேர்ச். பழைய வீட்டை இடித்துவிட்டு மாடி கட்டப் பிளான் கொடுத்தபோது தொல்பொருள் திணைக்களத்தின் அனுமதியும் வேண்டும் என்றார்கள். அந்தப் பெயரைக் கேட்டதும் அம்மாவுக்கு வயிறு கலங்கிவிட்டது, காணி போய்விடும் என்று. கிழக்கில் அந்தப் பயம் சும்மா வந்ததில்லை, அதனால் நானும் சிரிக்கவில்லை.

உறுதி, சர்வே பிளான், கட்டட வரைபடம், இவற்றோடு விண்ணப்பம் போனது. அலைச்சலை விட்டுவிடுகிறேன், எல்லோரும் பட்டதுதான். வந்து பார்த்தவர்கள், மண் வெட்ட வேண்டிய இரண்டு இடத்தில் சோதனைக் குழி வெட்டிப் பார்த்துவிட்டுச் சொல்கிறோம் என்றார்கள்.

மண்வெட்டியோடு வருவார்கள் என்று நினைத்தால் கொண்டுவந்தது மேசன் கரண்டி, தூரிகை, அரிதட்டு. ஒவ்வொன்றும் 2 மீற்றர் சதுரம், நூல் கட்டி, 10 சென்ரிமீற்றராகச் சுரண்டி எடுத்து, ஒவ்வொரு மண் அடுக்குக்கும் படம், அளவு, மண்ணின் நிறம், தனிப் பை. எடுத்த மண் முழுவதும் அரிதட்டால் போனது. எங்கள் மேசன் அரை நாள் பார்த்துவிட்டு, "இந்த வேகத்தில் கட்டினால் பேரப்பிள்ளைதான் குடிபுகுவான் தம்பி" என்றார்.

முதல் குழி வீண். தாத்தா கட்டிய மலசலகூடக் குழி அந்த இடத்தையே குடைந்திருந்தது, பிளாஸ்டிக் செருப்பும் பழைய ஓடும் ஒன்றாகக் கிடந்தன. எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம், சரி, தப்பினோம் என்று.

இரண்டாவதில் முழங்கால் ஆழத்துக்குக் கீழே மண் கறுத்தது. சட்டி ஓடுகள், சுண்ணாம்புக் கட்டிகள், நீலப் பூப்போட்ட சீனப் பீங்கான் துண்டுகள், ஒல்லாந்தர் கம்பனியின் VOC என்ற மூன்று எழுத்தும் பின்னிய செம்புக்காசு ஒன்று. 1815 மார்ச் 2க்கு முந்தியது என்றால் சட்டப்படி அது தொல்பொருள், நம் வளவில் கிடந்தாலும் நமதில்லை. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டதென்பார்கள், இந்த ஊரில் 1950இல் கிணறு வெட்டியபோது கோணேசர் கோவிலின் வெண்கலச் சிலைகளே வந்தன. போர்த்துக்கேயர் இடித்த கோவிலின் கல் கோட்டைச் சுவரில் இருக்கிறது, பாண்டியரின் இரட்டைக் கயல் வாசலிலேயே நிற்கிறது. எங்கள் மண்ணில் மட்டும் ஒன்றும் இராது என்று நான் எந்தத் தைரியத்தில் நம்பினேனோ.

ஆனால் அவர்கள் காசைவிட அந்தக் கறுத்த மண்ணைத்தான் நெடுநேரம் பார்த்தார்கள். குழியின் பக்கச் சுவரைச் செதுக்கிச் சமப்படுத்தி வரைந்த பெண்ணிடம் கேட்டேன். "காசு எந்த மண் அடுக்கில் கிடந்ததென்று தெரியாவிட்டால் அது வெறும் செம்பு, அண்ணா. குலையாத மண்தான் எங்களுக்கு வேணும்" என்றார். அப்போதுதான் விளங்கியது, இருபது வருடத்துக்கு முன் தென்னங்கன்று வைக்க வெட்டியபோது வந்த பீங்கானை நாங்கள் வேலிக்கு வெளியே கொட்டியது எவ்வளவு பெரிய பிழை என்று. சொல்லவில்லை.

காணி போகவில்லை. குலைந்த பக்கத்தில் வழக்கம்போலக் கட்டலாம், மற்றப் பக்கத்தில் ஆழமாக வெட்டாமல் அத்திவாரத்தை மாற்ற வேண்டும், அந்தப் பகுதியில் வெட்டும்போது அவர்களில் ஒருவர் நிற்பார் என்று கடிதம் வந்தது. இஞ்சினியர் பிளானைத் திருத்தினார், கம்பிச் செலவு கூடியது. இதே வேலையைப் பிளான் கீறுவதற்கு முன் செய்திருந்தால் அந்தக் காசு மிஞ்சியிருக்கும். நான்தான் பயத்தில் கடைசிவரை தள்ளிப்போட்டேன்.

புதிய மலசலகூடக் குழி இப்போது முருங்கைக்குப் பக்கத்தில், தாத்தா வெட்டிய அதே குழிக்குள். அம்மாவுக்கு இன்னும் கோபம், முருங்கையில் இனிக் காய் பறிக்க மாட்டாராம்.