மலையிலிருந்து ஒரு பாட்டில் காற்று

மலை ஏறத் தொடங்கியதிலிருந்து வண்டிக்குள் ஒரே பாடம்தான்: "இடத்தை அடைத்துக்கொள்வதும் நிறை உடையதும் பருப்பொருள்." அக்கா மகளுக்கு விடுமுறை முடிந்ததும் அறிவியல் தேர்வு. ஆறாம் வகுப்புப் பாடத்தை வரி பிசகாமல் ஒப்பிப்பாள். ஆனால் ஜன்னலுக்கு வெளியே இருக்கும் எதையும் அந்த வரியோடு சேர்த்துப் பார்த்ததில்லை. இந்த நான்கு நாளில் அவள் அதைக் கையால் தொட்டுவிட வேண்டும் என்று எனக்கு ஆசை. அதற்காகவே பையில் ஒரு டிஜிட்டல் வெப்பமானி வைத்திருந்தேன்.

பாதி மலையில் மேகத்துக்குள் நுழைந்தோம். பத்தடிக்கு அப்பால் சாலை தெரியவில்லை. "இதுதான் வாயு" என்றாள். கண்ணாடியை இறக்கிக் கையை நீட்டச் சொன்னேன். உள்ளங்கை ஈரமானது. மேகமும் மூடுபனியும் வாயு அல்ல; காற்றில் மிதக்கும் நுண்ணிய நீர்த்துளிகள், அதாவது திரவம். வாயுவாக இருக்கும் நீராவி கண்ணுக்கே தெரியாது. பெரியவர்களிலேயே பலர் வெண்புகையைத்தான் நீராவி என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

அன்றிரவு நாங்கள் தங்கியது 3,500 மீட்டர் உயரத்தில். குடிக்க வெந்நீர் வேண்டும் என்று கெட்டிலை அடுப்பில் வைத்தார்கள். கொதி வந்ததும் அவளை அருகே அழைத்து மூக்குப் பகுதியைக் காட்டினேன். மூக்கின் வாயை ஒட்டி ஒன்றுமே இல்லாததுபோல் விரற்கடை அளவு இடைவெளி. அதற்கு அப்புறம்தான் வெண்புகை. அந்த இடைவெளியில் இருப்பதுதான் நீராவி. குளிர்ந்த காற்றில் பட்டதும் அது மறுபடி துளியாகி வெண்மையாகத் தெரிகிறது. அவள் கண் கொட்டாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்புறம் வெப்பமானியைத் தண்ணீருக்குள் விட்டோம். 88 டிகிரி. தீயைக் கூட்டினோம், குமிழிகள் துள்ளின, எண் அசையவில்லை. "நூறுதானே சித்தி கொதிநிலை? புக்ல அப்படித்தான் இருக்கு." நூறு என்பது கடல்மட்டத்துக் கணக்கு. இங்கே தண்ணீரை மேலிருந்து அழுத்தும் காற்று குறைவு, கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ 65 சதவீதம்தான். அதனால் நீர்த்துகள்கள் குறைந்த வெப்பத்திலேயே பிய்த்துக்கொண்டு கிளம்புகின்றன. தீயைக் கூட்டியும் எண் ஏறாததற்குக் காரணம் வேறு: கொதி வந்த பிறகு கொடுக்கும் வெப்பமெல்லாம் துகள்களைப் பிரிக்கவே செலவாகிறது. அந்தச் செலவு சின்னதல்ல. கடல்மட்டத்தில் ஒரு கிலோ தண்ணீரை 0 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குக் கொண்டுவர ஆகும் ஆற்றலைப்போல் ஐந்து மடங்குக்கும் மேல் வேண்டும், அதே தண்ணீரை முழுக்க ஆவியாக்க.

மறுநாள் விடியற்காலை ஏரிக்குப் போனோம். அங்கே ஒரு மரப்பெஞ்சு, அதன் முன்னால் இரும்புக் கம்பி வேலி. கம்பியைத் தொட்டவள் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள். "பெஞ்சை விட இது ரொம்ப ஜில்லுனு இருக்கு!" வெப்பமானியை முதலில் பெஞ்சிலும் பிறகு கம்பியிலும் அழுத்திப் பிடித்தோம். இரண்டிலும் 2 டிகிரி. அவள் நம்பவில்லை, மூன்று முறை வைத்துப் பார்த்தாள். இரவு முழுக்க ஒரே காற்றில் கிடந்த இரண்டு பொருளுக்கு வெப்பநிலை ஒன்றாகத்தான் இருக்கும். வித்தியாசம் கடத்துதிறனில். இரும்பு மரத்தைவிட நூற்றுக்கணக்கான மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். விரலின் சூட்டை அது சட்டென்று உறிஞ்சிக்கொள்வதைத்தான் நம் தோல் "ஜில்" என்கிறது. கடத்தி, அரிதிற்கடத்தி என்ற இரண்டு சொற்களையும் அவள் இனி மறக்க மாட்டாள் என்று நினைக்கிறேன்.

ஏரியின் ஓரங்களில் பனிக்கட்டி படர்ந்திருந்தது. பனிக்கட்டி மிதப்பதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஆனால் அது எவ்வளவு விசித்திரமானது! உருகிய மெழுகில் ஒரு மெழுகுத் துண்டைப் போட்டால் மூழ்கிவிடும். பெரும்பாலான பொருட்கள் அப்படித்தான், திண்மம் தன் திரவத்தில் அடியில் போகும். தண்ணீரோ உறையும்போது விரிகிறது. ஒரு லிட்டர் பனிக்கட்டியின் நிறை 917 கிராம்தான். தண்ணீர் மிக அடர்த்தியாக இருப்பது 4 டிகிரியில். ஆகவே அந்தத் தண்ணீர் அடியில் தங்க, மேலே பனிக்கட்டி மூடி போட்டுவிடுகிறது. மீன்கள் பிழைத்துக்கிடப்பது அந்த மூடிக்குக் கீழேதான். கரையில் பிளந்து கிடந்த பாறைகளுக்கும் இதே குணம் காரணமாக இருக்கலாம்: விரிசலுக்குள் புகுந்த நீர் உறைந்து சுமார் 9 சதவீதம் பெருத்தால் கல்லும் தாங்காது.

இறங்கும் முன் அவள் தன் ஒரு லிட்டர் பாட்டிலில் மீதியிருந்த தண்ணீரைக் கொட்டி, நன்றாக உதறி, மூடியை இறுக்கினாள். "இதுல மலைக்காத்து இருக்கு. வீட்டுக்குப் போற வரைக்கும் யாரும் திறக்கக் கூடாது." காலி பாட்டில் என்று சொல்லாமல் காற்று என்று சொன்னாளே, அதுவே எனக்குப் போதும்.

இறங்கும் வழியில் அவளுக்கு 1648ஆம் ஆண்டின் கதையைச் சொன்னேன். பிரெஞ்சு அறிவியலாளர் பிளேஸ் பாஸ்கல் கேட்டுக்கொண்டபடி அவருடைய அக்காவின் கணவர் ஃப்ளோரின் பெரியே, செப்டம்பர் 19 அன்று காற்றழுத்தத்தை அளக்கக் கண்ணாடிக் குழாயும் பாதரசமுமாகப் பிரான்சின் புய் தெ டோம் மலையில் ஏறினார். உச்சியின் உயரம் 1,465 மீட்டர். அங்கே பாதரச மட்டம் அடிவாரத்தைவிட சுமார் 8 சென்டிமீட்டர் தாழ்ந்து நின்றது. கீழே ஒரு மடத்தின் தோட்டத்தில் விட்டுவந்த இன்னொரு குழாயிலோ நாள் முழுக்க மாற்றமே இல்லை. மேலே போகப் போகக் காற்றின் அழுத்தம் குறைகிறது என்பதற்கு அதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம். கண்டுபிடிக்க ஒரு மலையே போதுமாக இருந்தது என்பதுதான் அந்தக் கதையில் எனக்குப் பிடித்தது.

சமவெளிக்கு வந்ததும் அவள் பையைத் திறந்தாள். பாட்டிலின் பக்கங்கள் உள்ளே ஒடுங்கி நசுங்கியிருந்தன. யாரோ மேலே உட்கார்ந்துவிட்டார்கள் என்று முதலில் கோபப்பட்டாள். மூடியைத் திருப்பிப் பார்த்தாள், இறுக்கமாகத்தான் இருந்தது. கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு மெதுவாகச் சொன்னாள்: "உள்ள இருக்கிறது அதே காத்துதான். வெளியிலதான் அழுத்தம் கூடிடுச்சு."

அதேதான். மேலே அடைத்த ஒரு லிட்டர் காற்றின் நிறை சுமார் 0.8 கிராம். கீழே ஒரு லிட்டர் காற்றுக்கு 1.2 கிராம். உள்ளிருந்த துகள் ஒன்றுகூடக் குறையவில்லை. இங்கே அவற்றுக்குக் கிடைத்த இடம் ஏறத்தாழ ஒரு லிட்டரில் மூன்றில் இரண்டு பங்குதான்.

வீடு வரை காத்திருக்க அவளால் முடியவில்லை. பாட்டிலைக் காதோரம் வைத்து மூடியைக் கொஞ்சமாகத் திருகினாள். 'ஸ்ஸ்' என்று காற்று உள்ளே போனது, 'டப்'பென்று பக்கங்கள் நிமிர்ந்தன. அவசரமாக மூடியை இறுக்கிவிட்டு என்னைப் பார்த்தாள்.

"சித்தி, மூணுல ஒரு பங்கு கீழ்க்காத்து கலந்துடுச்சு."