தையல் எத்தனை?

என் மூத்தவனுக்கு இந்தத் தை மாதத்தோடு பன்னிரண்டு வயது முடிந்தது. அவன் பிறந்த பிறகு நாற்பது நாள் நான் ஒருக்களித்துத்தான் உட்கார்ந்தேன். பால் கொடுக்க, சாப்பிட, எதற்கு உட்கார்ந்தாலும் ஒரு பக்கத் தொடையில்தான் பாரம். பிள்ளை பார்க்க வந்த பெண்களெல்லாம் முதலில் கேட்டது, "தையல் எத்தனை?" ஆபரேஷன் இல்லாமல் பெற்றதால் ஊரில் அதற்குச் சுகப்பிரசவம் என்று பெயர்.

கும்பகோணத்தில் ஒரு தனியார் மருத்துவமனை. விடியற்காலை மூன்று மணிக்கு லேசான வலியோடு போனேன். போனவுடன் எனிமா, சவரம், கையில் ட்ரிப்ஸ். "ரெண்டு விரல்தான் திறந்திருக்கு" என்று சொல்லி, வலி வருவதற்கு மருந்து ஏற்றினார்கள். தண்ணீர் கேட்டேன், கூடாது என்றார்கள். கொஞ்சம் நடக்கட்டுமா என்றேன், பேசாமல் படு என்றார்கள். அம்மா கதவுக்கு வெளியே நின்றிருந்தாள். கடைசியில் ஒருவர் என் மேல்வயிற்றில் கையை ஊன்றி அழுத்த, இன்னொருவர் பிள்ளை வரும் வாயை வெட்டிப் பெரிதாக்கக் கத்தரிக்கோலை எடுத்தார். வெட்டப் போகிறோம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர்களைக் கெட்டவர்கள் என்று இன்றும் நான் நினைக்கவில்லை. எல்லோருக்கும் செய்வதை எனக்கும் செய்தார்கள். எனக்கு அது தேவையா என்று யாரும் யோசிக்காததுதான் இன்னும் உறுத்துகிறது.

போன வருடம் தங்கை தலைப்பிரசவத்துக்கு வீட்டுக்கு வந்தபோது உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன். பிரசவ நேரப் பராமரிப்புக்கு உலக சுகாதார நிறுவனம் 2018இல் 56 பரிந்துரைகள் வெளியிட்டிருக்கிறது. சிக்கல் இல்லாத பிரசவத்தில் எனிமாவும் சவரமும் வழக்கமாகச் செய்ய வேண்டியதில்லை. வயிற்றை அழுத்தித் தள்ளக்கூடாது. குடிக்கலாம், சாப்பிடலாம், நடக்கலாம். தாயும் பிள்ளையும் நன்றாக இருந்தால், கர்ப்பவாய் 5 செ.மீ. திறப்பதற்கு முன் வலியை விரைவுபடுத்த மருந்து ஏற்றத் தேவையில்லை. எனக்குச் சொன்ன இரண்டு விரல் அகலம் அந்த ஐந்து செ.மீ.க்குக் கீழேதான். படிக்கப் படிக்க, அன்று எனக்கு நடந்தவை ஒவ்வொன்றாக அந்தப் பட்டியலில் இருந்தன.

வெட்டுப் போடும் வழக்கத்தைப் பற்றித்தான் அதிகம் படித்தேன். தானாகக் கிழிந்தால் தாறுமாறாகக் கிழியும், நாமே நேராக வெட்டினால் நல்லது என்ற எண்ணம் 1920களில் அமெரிக்காவில் பரவி, பிறகு உலகமெங்கும் பழக்கமாகிவிட்டது. உண்மையிலேயே நல்லதா என்று அர்ஜென்டினாவில் சுமார் 2,600 பெண்களை இரண்டு பிரிவாக்கிப் பார்த்து 1993இல் வெளியிட்டார்கள். ஒரு பிரிவில் வழக்கம்போல் வெட்டு, மற்றதில் அவசியமானால் மட்டும். ஆழமான கிழிசல் இரண்டு பிரிவிலுமே அபூர்வம். வழக்கமாக வெட்டியதால் அது குறையவில்லை. அதற்கு இருபது வருடம் கழித்துத்தான் நான் பிரசவத்துக்குப் போனேன். அந்த முடிவு கும்பகோணம் வந்து சேர இருபது வருடம் போதவில்லையா?

வீட்டிலேயே பெற்றுக்கொள்ளுங்கள் என்று நான் ஒருநாளும் சொல்லமாட்டேன். என் பாட்டி வீட்டில் ஏழு பெற்று இரண்டைப் பறிகொடுத்தவள். பிள்ளை பிறந்ததும் உதிரப்போக்கைத் தடுக்கப் போடும் ஆக்சிடோசின் ஊசியையும் அதே பரிந்துரைகள்தான் எல்லோருக்கும் போடச் சொல்கின்றன. சிசேரியன் உயிர் காக்கும், சந்தேகமே இல்லை. ஆனால் 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனைப் பிரசவங்களில் 36 சதவீதம் சிசேரியன், தனியாரில் 63.8 சதவீதம். தனியாருக்குப் போகிற பெண்களின் உடம்பு மட்டும் அவ்வளவு வேறாகவா இருக்கும்?

தங்கைக்கு ஐப்பசி அடைமழையில் வலி கண்டது. வெட்டாறு கரை தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. திருக்கருகாவூர் அம்மன் சன்னதி விளக்கெண்ணெயை வயிற்றில் தடவிவிட்டு, தாலுகா அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போனோம். அங்கே ஒரு பெண் துணைக்கு இருக்கலாம் என்று என்னை உள்ளே விட்டார்கள். கூடவே ஒரு ஆள் இருப்பதால் என்ன ஆகும் என்பதையும் ஆராய்ந்திருக்கிறார்கள்: 26 ஆய்வுகள், 15,000க்கும் அதிகமான பெண்கள். துணை இருந்தவர்களுக்கு வலி நேரம் குறைந்தது, சிசேரியனும் குறைந்தது. நம் பக்கத்தில் இதைச் சொல்ல ஆய்வு வேண்டுமா என்றும் தோன்றியது. காவிரியில் வெள்ளம் வந்து ஒரு கர்ப்பிணியின் அம்மா வர முடியாமல் போக, சிவனே அந்தத் தாயின் உருவில் வந்து பிரசவம் பார்த்த கதைதானே திருச்சி தாயுமானவர் கதை.

நர்ஸிடம் தயங்கித் தயங்கித்தான் கேட்டேன். "சிஸ்டர், வெட்டுப் போடுவீங்களா?"

"தேவைப்பட்டாத்தான்மா. அப்படிப் போட்டாலும் சொல்லிட்டுத்தான் போடுவேன்."

அந்தப் பதிலில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. தங்கை என் தோளைப் பிடித்துக்கொண்டு வார்டுக்குள் நடந்தாள். நடுவே இரண்டு டம்ளர் கஞ்சி குடித்தாள். "அக்கா, இடுப்ப அழுத்து, இடுப்ப அழுத்து" என்று விடியும்வரை சொல்லிக்கொண்டே இருந்தாள். பிள்ளை வந்ததும் நேராக அவள் மார்பில் போட்டுத் துணியால் மூடினார்கள். தொப்புள்கொடி துடிப்பது நிற்கட்டும் என்று நர்ஸ் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார். அந்த நேரத்தில் பிள்ளைக்கு இன்னும் இரத்தம் போகுமாம், பின்னால் இரும்புச்சத்துக்கு நல்லதாம்.

சின்னக் கிழிசல், இரண்டு தையல். மூன்றாம் நாள் காலை நான் இட்லி வாங்கிக்கொண்டு போனபோது, அவள் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு அம்மாவோடு பேசிக்கொண்டிருந்தாள். வாசலிலேயே கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன்.